கலெக்டரோடு கன்னியாகுமரி வரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுகிறவர்கள் பத்திருபது பேர் உண்டு. குதிரைக்குக் ‘கலெக்டர்’ என்று பேர் வைத்தவர் சவரிராயன் ஒருவர்தான். சித்திரைக் கடைசியில் ஒருநாள் படகோட்டி இஞ்ஞாசியிடம் வாயைக் கொடுத்து, “என் கலெக்டரோட கன்னியாகுமரி வரைக்கும் நடந்தே போய்க் காட்டுறேன்டா” என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஏரிக்கரையே கூடி, அவருக்கு ஒரு மாலை, குதிரைக்கு ஒரு மாலை போட்டு வழியனுப்பி வைத்தது. சீசன் நேரத்தில் இருக்கிற ஒரே குதிரையையும் கூட்டிக்கொண்டு போகிறாரே என்று அவர் மனைவி செங்கோல்மேரிக்கு வயிறு எரிந்தது.

நாற்பத்தோரு நாள் கழித்து, ஒரு தூறல் மத்தியானத்தில், சவரிராயன் தனியாக வந்து சேர்ந்தார்.

செங்கோல்மேரி ஏரிக்கரையில் இருக்கும் தன் கடையில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தாள். தூறலுக்கு ஒதுங்கிய இஞ்ஞாசியும், சைக்கிள் வாடகைக்கு விடுகிற காதரும் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சவரிராயன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். குதிரை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏனென்றால் குதிரை எங்கே என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். புறப்பட்ட அன்றைக்கு மூன்று மணிக்கெல்லாம் அது பாதி மாலையைத் தின்றுவிட்டு, மீதியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக வீடு திரும்பிவிட்டது. செங்கோல்மேரிக்கு அன்றிரவு முழுக்க உயிரே இல்லை. மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து நாத்தனார் போன் பண்ணினாள். “அண்ணன் இங்கதான் மதினி இருக்கு. குதிரையத் தொலைச்சுட்டேன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்னு அழுவுது.” ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் செங்கோல்மேரிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. “குதிரை வந்துருச்சுன்னு சொல்லாத. வர்றப்ப வரட்டும்” என்று வைத்துவிட்டாள். அன்றைக்கே கயிற்றைக் கையில் பிடித்தாள். சீசன் முழுக்க அவள்தான் சவாரி விட்டாள். இப்போதும் கலெக்டர், கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

யாரும் கேட்காததால் சவரிராயன் தானாகவே ஆரம்பித்தார்.

“மலை இறங்கலடா, அதுக்குள்ள நாலு யானை. ரோட்டை அடைச்சு நிக்குது. கலெக்டர் ஒரு பார்வைதான் பார்த்தான். நாலும் வரிசையா ஓரம் கட்டிருச்சு. கடைசி யானை தும்பிக்கையைத் தூக்கி சலாம் வச்சுது.”

“நான் வாரம் ரெண்டு தடவை அந்த ரோட்டுல போறேண்ணே. யானையே பார்த்ததில்லையே?” என்றான் காதர்.

“நீ பஸ்ல தூங்கிக்கிட்டுப் போறவன். கீழ இறங்குனா வெயிலு. சும்மா வெயில் இல்ல. என் நிழலே சூடு தாங்காம குதிரை வயித்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிருச்சு. மூணு நாள் நிழல் இல்லாமதான் நடந்தேன்.”

செங்கோல்மேரி கதிரைத் திருப்பிப் போட்டாள். அவர் காலைப் பார்த்தாள். போகும்போது வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பு அப்படியே புதுசாக இருந்தது. தங்கச்சி சமையலில் ஆளுக்குக் கொஞ்சம் தொப்பைகூட விழுந்திருந்தது. நாற்பத்தோரு நாளாகச் சேர்த்து வைத்த வசவு தொண்டையில் தயாராக இருந்தது. முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“அப்புறம் ஒரு ஊரு. பேரு வேணாம். கலெக்டர் நடந்தே வர்றாராம்னு எவனோ சொல்லிட்டான். மேளதாளத்தோட நிக்கிறாய்ங்க. ஆளுக்கொரு மனு. எரநூத்திப் பன்னெண்டு மனு! நம்மாளு ஒண்ணு விடாமத் தின்னுட்டான்.”

“அடிக்க வந்திருப்பாய்ங்களே மாப்ள?” என்றார் இஞ்ஞாசி.

“கும்பிட்டாய்ங்கடா! ‘நாங்க குடுத்த மனுவை முழுசா உள்ள வாங்கிக்கிட்ட மொத கலெக்டர் இவருதான்’னு ஊரே கண்ணு கலங்கிருச்சு.”

காதர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சவரிராயன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“ஆரல்வாய்மொழியில காத்துன்னா காத்து, ரெண்டு பேரையும் தூக்கிருச்சு. கலெக்டர் வாலு கரண்டு எடுக்குற காத்தாடியில மாட்டிக்கிச்சு. அவன் வாலை உருவ ஓடுறான், காத்தாடி சுத்துது, இவன் இன்னும் வேகமா ஓடுறான். நாலு ஜில்லாவுக்கு அன்னிக்கு அவன் கரண்டுதான். உங்க வீட்லகூட பல்பு பளிச்சுன்னு எரிஞ்சிருக்குமே?”

“வைகாசி பூரா எங்க வீட்ல பல்பு ஃபியூஸ் போயிக்கிட்டேதாண்ணே இருந்துச்சு” என்றான் காதர்.

“குதிரைக் கரண்டுடா. பல்பு தாங்காது.”

அதற்கு மேல் சவரிராயனின் குரல் இறங்கிவிட்டது.

“கடைசியா கன்னியாகுமரி. மூணு கடலையும் பார்த்தான். என்ன நெனச்சானோ, எறங்கி நீந்த ஆரம்பிச்சுட்டான். அலைக்கு மேல பிடரி மட்டும் தெரியுது. போறான்... போறான்...” அவர் அடுப்பையே பார்த்தார். “கயித்தை விட்டுட்டேன் செங்கோலு. ஒரு பீடி பத்த வைக்கிற நேரந்தான். வளைவுல நின்னு பத்த வச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா இல்ல. ராத்திரி பூரா தேடுனேன். பேரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டையே போச்சு.”

கடலில் ஏது வளைவு என்று இஞ்ஞாசிகூடக் கேட்கவில்லை. சவரிராயன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் செங்கோல்மேரிக்கு, தயாராக இருந்த வசவு வாய்க்கு வரவில்லை. எழுந்து போய்த் தார்ப்பாயை விலக்கினாள்.

கலெக்டர் கொள்ளிலிருந்து தலையைத் தூக்கி, அவரைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தது.

சவரிராயன் துண்டை இறக்கினார். வாய் திறந்தபடி நின்றது. பாய்ந்து போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“பார்த்தீங்களாடா! நீந்தியே வந்துட்டான்!”

“கடல்ல இருந்து கொடைக்கானலுக்கா?” என்றார் இஞ்ஞாசி.

“அடியில எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்டா. அங்க முங்குனவன் இந்த ஏரியில வந்து எந்திரிச்சிருக்கான்.”

“முப்பது வருஷமா இதுல படகு தள்ளுறேன் மாப்ள. ஒரு மத்தி மீன்கூட வந்ததில்லையே?”

“மீனுக்கு வழி தெரியாது. கலெக்டருக்குத் தெரியும்.”

தூறல் விட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, சவாரி உண்டா என்று கேட்டார். சவரிராயன் பழக்கத்தில் கயிற்றுக்குக் கை நீட்டினார். செங்கோல்மேரி கயிற்றை ஏற்கெனவே அவிழ்த்துத் தன் கையில் சுற்றியிருந்தாள். பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்தாள்.

“நல்ல குதிரைதானேம்மா? தூரமெல்லாம் போகுமா?” என்றார் வந்தவர்.

“ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் சார்” என்றாள் செங்கோல்மேரி. “அதுக்கு மேல கூட்டிட்டுப் போனா, வீட்டுக்குத் திரும்பி வந்துரும்.”