பின்னால் வருகிறவனுக்கு என்ன?

சுட்டியன் என்ற புள்ளிமான் தன் அண்ணன் நெடுங்காலனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பொட்டல்காட்டின் நடுவில்தான். கூட்டத்திலேயே வேகமானவன் நெடுங்காலன். அன்றைக்கு அவன் ஓடவில்லை. நாக்கு தொங்க நின்றுகொண்டிருந்தான். பின்னால் செந்நாய்கள் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

அன்று காலையில்தான் அவன், "டேய் தம்பி, காலில் களிமண் அப்பினது போல இருக்குடா!" என்று சொல்லியிருந்தான். "உனக்கா அண்ணா?" என்று சுட்டியன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பிறகு அவனை ரொம்ப நாள் உறுத்தியது.

ஒரு வருஷம் போயிற்று. மறுபடியும் கோடை வந்தது. குளம் வற்றுவதற்குள் மான்கள் பொட்டலைக் கடந்து ஆற்றங்கரைக்குப் போயாக வேண்டும். வழியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இளைத்து நின்றவனைச் செந்நாய் விடாது.

மான்களுக்கு ஓட்டம் பழக்க ஒரு வாத்தியார் இருந்தார். நரியார்! கூலி வேண்டாம், கும்பிடு போதும் என்று தானாகவே வந்தவர்.

"நெடுங்காலன் ஏன் விழுந்தான்?" என்று பாறைமேல் நின்று கேட்டார் நரியார். "பயிற்சி போதவில்லை! குளத்தைச் சுற்றித் தினமும் பத்து நடை ஓடச் சொன்னேன். கடைசி நாள் எட்டிலேயே நின்றுவிட்டான்! இந்த வருஷம் பதினைந்து நடை! அத்தனையும் முழு வேகம்! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்!"

"அம்மி நகரும் வாத்தியாரே, நம்ம கால்தான் தேயும்!" என்றாள் கிண்கிணி. அவள் ஓர் இளம் பெண்மான். பேசாமல் அவளால் புல்கூட மேய முடியாது.

ஓட்டம் தொடங்கியது. நாலாவது நடையில் கிண்கிணி சுட்டியன் பக்கம் திரும்பினாள். "ஒரு விடுகதை! வெயிலில் கூடவே ஓடிவரும், மரத்தடிக்கு வந்தால் மறைந்துபோகும். அது என்ன?"

சுட்டியனுக்கு விடை தெரியும். ஆனால், "நி... நி..." என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை.

"ஓடும்போது பேச்சா?" என்று நரியார் உறுமினார். "பேச மூச்சிருந்தால் நீ பாடுபடவில்லை என்று அர்த்தம்! போ வெளியே!"

சுட்டியனும் நின்றுவிட்டான். 'சின்ன விடுகதை. விடை தெரிந்தும் சொல்ல மூச்சில்லையே! போன கோடையில் ஓட்டம் முடிந்ததும் அண்ணனும் இப்படித்தானே பேச மூச்சில்லாமல் கிடப்பான்?'

அவனும் கிண்கிணியோடு வெளியே போனான்.

அன்றிலிருந்து இருவரும் விடுகதை போட்டுக்கொண்டே ஓடினார்கள். விடை சொல்ல மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை கரிச்சான் குருவியைத் துரத்திக்கொண்டு பாய்ந்தார்கள். அதற்கு மறுநாள் மேய்ச்சல் மட்டும்தான்.

"என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று மற்ற மான்கள் கேலி செய்தன.

"ஆமாம், நீங்கள் பந்திக்கு வந்து சேருங்கள்!" என்றாள் கிண்கிணி.

நாளாக நாளாகக் கேலி குறைந்தது. கேலி செய்யவும் மூச்சு வேண்டுமே!

குளத்தில் மூன்று நாள் தண்ணீர்தான் மீதி இருந்தது. நரியார் பாறைமேல் ஏறினார். "நாளை புறப்படலாம்! இன்றைக்கு இருபது நடை!"

மான்கள் தள்ளாடி எழுந்தன. சுட்டியன் அந்தத் தள்ளாடும் கால்களைப் பார்த்தான். அண்ணன் நின்ற இடத்தில் நாளைக்கு எத்தனை பேர் நிற்பார்களோ!

"வாத்தியாரே, நீங்களும் ஒரு நடை ஓடுங்களேன்!" என்றான்.

"என் வேலை பின்னால் வருவதுதானப்பா!"

"அப்படியானால் ஒரு விடுகதை. முன்னால் ஓடுகிறவனுக்கு ஆறு. நடுவில் ஓடுகிறவனுக்குப் புழுதி. பின்னால் வருகிறவனுக்கு என்ன?"

விடுகதையில் தோற்க நரியாருக்கு மனம் வராது. நாளைய விருந்தை நினைத்து எச்சில் வேறு ஊறிக்கொண்டிருந்தது. "இது தெரியாதா? மிச்சம்!" என்றார் பட்டென்று.

மான்களின் காதுகள் எல்லாம் நிமிர்ந்தன.

"செந்நாய் தின்ற மிச்சமா?" என்று மெதுவாகக் கேட்டான் சுட்டியன்.

நரி பாறையிலிருந்து குதித்து ஓடியது. அன்றைக்கு முழு வேகத்தில் ஓடியது அது ஒன்றுதான்!

மான்கள் மூன்று நாளும் மேய்ந்தன, படுத்தன, தூங்கின. நாலாம் நாள் விடியலில் பொட்டலில் இறங்கின. செந்நாய்கள் எழுந்து பின்தொடர்ந்தன.

"பதறாதீர்கள்! விடை சொல்லிக்கொண்டே ஓடுங்கள்!" என்றான் சுட்டியன். கிண்கிணி விடுகதைமேல் விடுகதையாக அவிழ்த்துவிட்டாள். அண்ணன் நின்ற இடம் வந்தது. சுட்டியன் நிற்கவில்லை.

"எந்நேரமும் ஓடும், ஒரு நாளும் இளைக்காது. அது என்ன?"

"ஆறு!" என்று கூட்டமே கத்தியது.

"எங்கே?"

"அதோ!"

அப்போதுதான் அவை முழு வேகத்தில் பாய்ந்தன. ஒன்றுகூடத் தவறாமல் கரை சேர்ந்தன.

"ஓடும்போது விடுகதை போடும் மான்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!" என்று சொல்லி, செந்நாய்த் தலைவன் தொப்பென்று படுத்தான்.

பின்னாலேயே நரி வந்து சேர்ந்தது. "எனக்கு என்ன இருக்கிறது?" என்று தலைவனிடம் கேட்டது.

"புழுதி இருக்கிறது. வேண்டுமா?" என்றான் அவன்.

பொட்டலில் மிச்சம் இருந்தது மான்களின் குளம்படித் தடங்கள் மட்டும்தான்.

தினமும் முழு மூச்சையும் செலவழித்து ஓடுகிறவனுக்கு, ஓடியே ஆகவேண்டிய நாளில் மூச்சு மிச்சம் இராது.