ஓலைக்கால் பக்கத்து ஆள்

நொச்சிக்கோட்டைச் சேனையில் மொத்தம் ஐந்து வீரர்கள். எதிரி வந்தால் ஐவரும் ஐந்து திசையில் ஓடுவார்கள். அவர்களுள் யாரைத் துரத்துவது என்று முடிவுசெய்ய இயலாமல் எதிரியே வருவதை நிறுத்திக்கொண்டான்.

மன்னர் வில்லவராயருக்கு அது போதவில்லை. விசயதசமியன்று சேனை வரிசை பிசகாமல் நடந்து தமக்கு வணக்கம் செலுத்த வேண்டும்; பிசகினால், கவாத்து ஆசான் வீரமலை அன்றே யானைக் கொட்டிலுக்கு இலத்தி அள்ளப் போக வேண்டும் என்று ஆணையிட்டார். வீரமலை புலிக்கு அஞ்சாதவர். யானையைக் கண்டால் மட்டும் அவருக்கு மூச்சு நின்றுவிடும்.

கவாத்து என்பது ஐந்து ஆள், ஓர் உடல் என்று ஆசான் விளக்கினார். வலம் இடம் அறியாத வீரர்களுக்காக வலக்காலில் பனையோலையையும் இடக்காலில் சீலைத் துணியையும் கட்டிவிட்டு, "ஓலைக்கால், சீலைக்கால்" என்று முழங்கினார். இரண்டு நாள் சேனை செம்மையாக நடந்தது. மூன்றாம் நாள், வரிசையின் வலக்கோடியில் நிற்கும் ஒச்சப்பன் நொண்டியடித்துக்கொண்டு வந்தான்.

"ஏண்டா, இன்னொரு கால் என்னாச்சு?"

"ஆடு தின்னுட்டுதுங்க, ஆசானே."

ஆடு தின்றது ஓலையைத்தான். ஆனாலும் ஓலை இல்லாத காலை ஓலைக்கால் என்று தூக்கினால் பொய்யாகிவிடுமே. ஒச்சப்பன் பொய்யன் அல்லன். ஓர் உடலுக்கு இரண்டு நியாயம் கூடாது என்று மற்ற நால்வரும் தங்கள் ஓலைகளையும் ஆட்டுக்கே ஊட்டிவிட்டு நொண்டினார்கள்.

ஆசான் புதிய ஓலைகளைக் கட்டினார். இனித் தம் சொல்லைக் கேட்கவே வேண்டாம், ஓலைக்கால் பக்கத்தில் எது நிற்கிறதோ அது செய்வதை அப்படியே செய்தால் போதும் என்றார். அன்று அவருக்குக் கடுமையான தலைவலி. "எவன் நிற்கிறானோ" என்று சொல்லியிருக்க வேண்டும்.

விசயதசமி வந்தது. முரசு அதிர்ந்தது. ஒச்சப்பன் தன் ஓலைக்கால் பக்கம் பார்த்தான். அங்கே கோட்டை மதில் நின்றது. மதில் அசையவில்லை. ஒச்சப்பனும் அசையவில்லை. ஆகவே எவரும் அசையவில்லை.

"நடடா," என்று கெஞ்சினார் ஆசான்.

"மதில் நடக்கட்டுங்க."

அடுத்து நின்ற மொக்கராசு சிந்தித்தான். "ஆசானே, மதிலுக்கு ஓலை கட்டுனீங்களா?"

"மதில் மேல குத்தம் சொல்லாதே," என்றான் நல்லாண்டி. "அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அகழி. அகழி நடக்காம மதில் எப்படிடா நடக்கும்?"

இந்த வாதத்தில் பிழை காண யாராலும் முடியவில்லை. பொறுமையிழந்த மன்னர் மேடையிலிருந்து இறங்கிவந்து, மதிலுக்கும் ஒச்சப்பனுக்கும் நடுவில் நின்று, யானைக் கொட்டிலை நோக்கிக் கை நீட்டினார்.

"வீரமலை, போ."

ஐந்து கைகள் ஒருசேர நீண்டன. "வீரமலை, போ," என்றன ஐந்து குரல்கள்.

மன்னர் திடுக்கிட்டு ஓரடி பின்வைத்தார். சேனையும் ஓரடி பின்வைத்தது. முன்னே நடந்தார், பத்துக் கால்களும் ஒரே ஒலியில் நடந்தன. முப்பதாண்டு ஆசானாக இருந்தும் இப்படியொரு கவாத்தைக் கண்டிராத வீரமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னர் மும்முறை கோட்டையைச் சுற்றி வந்து, கூடியிருந்தோர் ஆரவாரத்துக்குக் கைகுவித்தார். சேனையும் கைகுவித்தது. கட்டளைப்படி வணக்கம் செலுத்தியாயிற்று. ஆசான் இலத்தியிலிருந்து தப்பினார்.

அன்றுமுதல் நாள்தோறும் விடிந்ததும் மன்னரும் காலில் ஓலை கட்டிக்கொண்டு வலக்கோடியில் நிற்க வேண்டியதாயிற்று. சேனைக்கு அதுவே பெருங்கவலை.

"நமக்குப் பார்த்துச் செய்ய ஆளாளுக்கு ஒருத்தர் இருக்காங்க," என்றான் ஒச்சப்பன். "பாவம், மகாராசாவுக்கு யார் இருக்கா?"

கூடிப் பேசினார்கள். மன்னரின் தகுதிக்கு ஏற்ற துணை ஒன்றுதான் அந்தக் கோட்டையில் இருந்தது. மறுநாள் காலை அதைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்துவந்து, மன்னரின் ஓலைக்கால் பக்கம் நிறுத்தினார்கள். வீரமலை மதிலின்மேல் ஏறிக்கொண்டார்.

யானை ஒருமுறை காதை ஆட்டியது. ஐவரும் மன்னரின் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.