சமையல்காரர் சிவசைலத்தின் விண்ணப்பம்

"சாமி, சமைக்கச் சொன்னா ஊருக்கே சமைச்சிடுவேன். என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்களே, அதுக்கு நான் எங்க போவேன்?"

கேட்டவர் சிவசைலம். ஆசிரமத்துச் சமையல்காரர், சீடரும்கூட. வயதில் குருவைவிட மூத்தவர். அதனால் குரு அவரை 'அண்ணே' என்பார். அவரோ குருவை 'சாமி' என்பார். இருவருக்கும் அது பழகிப் போயிருந்தது.

"யாரு எழுதச் சொன்னது?"

"டவுன்ல குழந்தைங்க ஆஸ்பத்திரி சாமி. சமையல்கூடத்துக்கு ஆள் வேணுமாம். தன்னைப் பத்தி ஒரு கடிதம் எழுதி விண்ணப்பம் போடணுமாம்."

எதற்கென்று குருவுக்குத் தெரியும்.

சிவசைலத்தின் தங்கை பூரணத்துக்குக் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பணம் கட்ட முடியாமல் அவர்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். வேறு நாதி இல்லை. ஆசிரமத்தில் சோறு உண்டு, சம்பளம் கிடையாது.

"எழுதிக் கொண்டு வாங்க அண்ணே. பார்ப்போம்."

*

சாயங்காலம் கடிதம் வந்தது.

'குருவருளால் இங்கே தினமும் அன்னதானம் நடக்கிறது. குருவருளால் ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை. குருவருளால் வந்தவர் யாரும் பசியோடு திரும்பியதில்லை.'

அந்த ஆசிரமத்தில் அப்படித்தான். யார் பெருக்கினார், யார் சமைத்தார் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. எது நடந்தாலும் குருவருள். பழைய குரு வைத்துவிட்டுப் போன வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆஸ்பத்திரி மேனேஜருக்கு அது தெரியாதே!

"அண்ணே, இதைப் படிச்சா என்னைத்தான் வேலைக்குக் கூப்பிடுவாங்க. எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது."

சிவசைலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

*

மறுநாள் மதியம் இன்னொரு கடிதம் வந்தது. அச்சடித்த கடிதம்.

'நான் கடின உழைப்பாளி. நேர்மையும் தலைமைப் பண்பும் மிக்கவன். எத்தகைய சூழலிலும் குழுவாகப் பணியாற்றும் திறன் பெற்றவன். தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அல்லும் பகலும் பாடுபடுவேன்.'

"யாரு இவரு?" என்று கேட்டார் குரு.

"நான்தான் சாமி. ஜெராக்ஸ் கடைத் தம்பி அடிச்சுக் கொடுத்தாரு. எல்லாருக்கும் இதுதானாம். பேரை மட்டும் மாத்தினாப் போதுமாம்."

"ரொம்ப நல்லவராத்தான் இருக்காரு. ஆனா இவரை எனக்குத் தெரியாதே அண்ணே."

சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும் சாமி. எனக்கு இது வராது. பூரணத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

குரு கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரம் ஆச்சே. இலை போடுங்க."

*

பரிமாறியாகிவிட்டது. குரு கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். குரு கை வைக்கவில்லை.

"இன்னைக்கு யாரு சமைச்சது?"

பந்தி திகைத்துப் போனது. யாரும் கேட்கக் கூடாத கேள்வியைக் குருவே கேட்கிறார்.

"குருவருள் சாமி," என்றார் சிவசைலம்.

"குரு இங்க பசியோட உட்கார்ந்திருக்காரு. யாரு சமைச்சது?"

"நான்தான் சாமி."

திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல நின்றார், பாவம்.

"கந்தையாவுக்குக் கண் தெரியாது. இலையைத் தடவாமலே சாப்பிடுறாரே, எப்படி?"

"கூட்டு, பொரியல் எல்லாம் அவருக்கு எப்பவும் ஒரே இடத்துலதான் வைப்பேன் சாமி. மிளகாயை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுத்தான் வைக்கிறது."

"அடடா, அதான் ஒரு மிளகாய்கூடக் கடிபடலையா!" என்றார் கந்தையா.

"ஆவுடையம்மா காய்ச்சல்ல படுத்தப்போ எதைக் கொடுத்தாலும் வேண்டாம்னாங்க. நீங்க எப்படிச் சாப்பிட வெச்சீங்க?"

"அவங்களுக்குப் பசி இருந்துச்சு சாமி. வாயெல்லாம் புண்ணு."

"நான் யாருகிட்டயும் சொல்லலையே!" என்றார் கடைசி இலையிலிருந்த ஆவுடையம்மாள்.

"தண்ணி குடிக்கிறப்போ கண்ணை இறுக்கி மூடினீங்கம்மா. அதுலயே தெரிஞ்சுபோச்சு. புளியும் ஆகாது, காரமும் ஆகாது. பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவெச்சு, நல்லா ஆறவிட்டு, கொண்டுவந்து பக்கத்துல உட்கார்ந்தேன். சாப்பிடுங்கன்னு சொல்லவே இல்ல. ஊர்க்கதை பேசினேன். பேச்சுவாக்குல ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. அப்புறம் நீங்களே கிண்ணத்தை நீட்டிட்டீங்க."

பேசும்போது சிவசைலத்தின் முகம் தெளிந்துவிட்டது. கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தபோது குரு எழுதிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக் கடிதத்தின் பின்பக்கத்தில்.

"படிங்க அண்ணே."

'என் பெயர் சிவசைலம். சாப்பிட மாட்டேன் என்பவர்களுக்குச் சமைத்துப் பழகியவன்.'

அதற்குக் கீழே கந்தையா இருந்தார். ஆவுடையம்மாள் இருந்தார். கண்ணை இறுக்கி மூடியது இருந்தது, ஊர்க்கதை இருந்தது.

"இது நான் இப்போ சொன்னதுதானே சாமி?"

"ஆமா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. எப்போ வேலைக்கு வருவீங்கன்னு எழுதணும். அதை நீங்க எழுதுங்க."

சிவசைலம் பேனாவை வாங்கினார். கந்தையாவின் இலையைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். குருவைப் பார்த்தார். பேனா நகரவில்லை.

குரு பேனாவைத் திரும்ப வாங்கி எழுதினார்.

'கூப்பிட்ட அன்றே வருகிறேன்.'

"சாமி, அப்போ இங்க..."

"பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும் அண்ணே. கையெழுத்துப் போடுங்க."

சிவசைலம் கையெழுத்துப் போட்டார். குரு சாப்பிடத் தொடங்கினார். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

குரு எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர் இல்லை. அன்று இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க. இனிமே யாரு கை ரசமோ."