மரகதம் நின்ற வரிசை

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஒரு வரிசை உண்டு. ஆட்கள் நிற்கும் வரிசை அல்ல, விண்ணப்பங்கள் நிற்பது. என்ன மென்பொருள் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நின்ற நிற்பில் சில விண்ணப்பங்களுக்கு நரை விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இயக்குநர் பசுபதி நேர்மையானவர். அவருக்கு இரண்டே விதி. முந்தி வந்தது முந்தி. கேட்டவர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனால் விண்ணப்பமும் போகும். இணையதளத்தில் தம் படம் சிரிக்க வேண்டுமென்று துணைவேந்தர் ஒருவர் கேட்டார். வரிசையில் நிற்கச் சொன்னார் பசுபதி. முறை வருமுன் துணைவேந்தர் ஓய்வு பெற்றார். படம் இன்னும் உம்மென்றே இருக்கிறது. தேர்வுப் பிரிவு கேட்டது மட்டும், அதன் தலைவர்கள் மாறி மாறிப் போன பின்னும் உயிரோடு நின்று, முறை வந்து, முடிந்தது.

மரகதம் பார்வையற்ற ஆய்வு மாணவி. எழுத்தை வாசித்துச் சொல்லும் அவளுடைய கணினி, நூலகப் பட்டியலைத் திறந்தால் மட்டும் "படம், படம், படம்" என்று உளறும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டும். நூலகர் பூவராகனிடம் போய் முறையிட்டாள். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "தேவை உனக்குத்தானேம்மா, நீயே எழுதிக் குடுத்துடு" என்று கையெழுத்துப் போடவும் இடம் காட்டினார்.

துறையில் நிரல் எழுதும் ஜெசிந்தா, பட்டியலைப் பேச வைக்கும் அந்த வேலையை ஓய்வு நேரத்தில் செய்து முடித்தேவிட்டாள். சத்தமில்லாமல் ஏற்றிவிடட்டுமா என்று மரகதத்திடம் வந்து கேட்டாள்.

"பஸ்ல, பேங்க்ல, எங்க போனாலும் பாவம்னு முன்னாடி தள்ளி விடறாங்க ஜெசி. இந்த ஒரு வரிசையிலயாவது எல்லாரையும் போல நிக்கறேனே."

நின்றாள். புத்தகங்கள் தாமதமாயின, ஆய்வேடும் தாமதமாயிற்று. கெடு முடிந்து பதிவு ரத்தானது. பட்டியல் பேசத் தொடங்கியதும் சொல்லும்படியும், மறுபடி பதிந்து முடித்துவிடுவதாகவும் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே அவள் முறை வந்தது. கேட்டவர் இல்லை என்று பசுபதி விண்ணப்பத்தை மூடினார். புதிதாகக் கேட்டால் வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும்.

"முடிஞ்சே கிடக்கு சார். ஏத்தினாப் போதும்" என்றாள் ஜெசிந்தா.

"யாருக்காகம்மா ஏத்தறது?"

அன்று பசுபதி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. விதியையும் தொடவில்லை. மரகதம் இப்போது ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுத்து வணக்கம் சொல்கிறாள்.

பசுபதி விதியைத் தளர்த்தவில்லை. ஜெசிந்தா மீறவில்லை. மரகதம் குறுக்கே புகவில்லை. அவள் படிப்பைக் கெடுத்தது யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: மூன்று பேரைக் காட்டினேன், நீங்களும் அந்த மூவரையே புரட்டிப் பார்த்திருப்பீர்கள். டீ வாங்கிக் கொடுத்தவரை விட்டுவிட்டீர்கள். உளறிய பட்டியல் யாருடையது? நூலகத்துடையது. நூலகம் கேட்டிருந்தால், தேர்வுப் பிரிவு கேட்டதைப் போல அதுவும் சாகாமல் நின்றிருக்கும். நூலகத்துக்கு ஏது கெடு, ஏது ஓய்வு? தன் வீட்டுக் குறையை அவள் குறையாக்கி, அவள் பெயரில் எழுத வைத்தவர் பூவராகன்தான். இந்த ஆண்டு பார்வையற்ற இன்னொரு பெண் சேர்ந்திருக்கிறாள். நேற்று அவளுக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.