பதில் இல்லாத சரணம்

இஸ்ரவேல் மாஸ்டரைத் தேடிக் கமலக்கண்ணன் வந்தபோது, மாஸ்டருக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இருவருக்கும் பார்வை கிடையாது. கமலக்கண்ணனுக்குப் பிறவியிலிருந்தே. ஐம்பது வயது. பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மாஸ்டருக்கு அறுபத்து நாலு. இருபத்து நாலாவது வயதில், தங்கச் சுரங்கத்துக்குள் வெடித்த வெடி ஒன்று அவர் கண்களைக் கொண்டுபோயிற்று.

"பேர் என்ன சொன்னே?"

"கமலக்கண்ணன்."

"வெச்சவருக்கு நல்ல தைரியம்."

"எங்கப்பாதான். பேர் வெச்சு மூணு மாசம் கழிச்சுத்தான் அவருக்கே தெரிஞ்சுதாம்."

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் வந்தது.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கத்துக்கொடுப்பேன், கண்ணா?"

"காது இருக்கே மாஸ்டர்."

"இருக்கு. வேண்டாங்கறப்பகூட இருக்கு."

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து டீ வைத்தாள். மாஸ்டரின் தம்பி மனைவி சலோமி. அந்த வீட்டில் அவளும் மாஸ்டரும்தான்.

"வலது பக்கம் இருக்கறது உங்களுது. அவருதுல சர்க்கரை இல்லை. மாத்திக் குடிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க ரெண்டு பேரும்."

கண் போன பிறகு ஆறு மாதம் மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த பெரேரா என்பவர் ஒருநாள் அவர் மடியில் ஒரு கிதாரை வைத்தார். பக்கத்தில் ரெக்கார்டு ஒன்றைச் சுழல விட்டார். அமெரிக்காவில் பருத்திக் காட்டு வேலைக்காரர்கள் பாடும் பாட்டு, பெயர் ப்ளூஸ் என்றார். ஓர் அடியை இரண்டு முறை பாட வேண்டும். மூன்றாவது அடி அதற்குப் பதில். பாடுகிறவனும் உன்னைப் போலத்தான், கண் இல்லை என்றார்.

அன்றிலிருந்து மாஸ்டர் தமிழில் அப்படிப் பாடினார். சுரங்கத் தொழிலாளர் கிளப்பில், கிறிஸ்துமஸ் நடனத்தில், சாவு வீட்டில். பெங்களூர் ஓட்டல் ஒன்றில் ஒன்பது வருடம் வாசித்தார். சாப்பிடுகிறவர்களின் கரண்டிச் சத்தத்தைத் தாண்டிப் பாடினார். ஒரே ஒரு ரெக்கார்டு வெளிவந்தது. பிறகு ஓட்டலுக்கு வேறு பாட்டு வேண்டியிருந்தது. அவர் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சுரங்கத்தையும் மூடினார்கள்.

இப்போது பழைய பாட்டுகளைச் சேகரிக்கும் சிலர், அந்த ரெக்கார்டில் இருந்த பாட்டை மறுபடி பதிவு செய்யக் கேட்டிருந்தார்கள். மாஸ்டரால் முடியாது. அதே பாட்டைப் பெங்களூரில் வருடக்கணக்காகப் பாடிவரும் கமலக்கண்ணனை யாரோ கைகாட்டினார்கள். சனிக்கிழமை அவர்கள் பதிவுக் கருவியோடு இந்த வீட்டுக்கே வருகிறார்கள். அன்று புதன்கிழமை.

"இனிமே இந்தப் பாட்டுன்னா நான் பாடறதுதான் இருக்கும்" என்றார் கமலக்கண்ணன். "ஒரு தப்பும் இருக்கக் கூடாது. எங்கே தப்புன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"பாடு."

கமலக்கண்ணன் பாடினார். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டைப் பற்றிய பாட்டு அது. முதல் சரணத்தில் கூண்டு இறங்கியது. இரண்டாவதில் தலைக்கு மேலே வானம் ஒரு காசளவு சுருங்கியது. மூன்றாவது வந்தது.

*முன்னால போனான் தம்பி, விளக்கு ஆடிக்கிட்டே போச்சு.*

*முன்னால போனான் தம்பி, விளக்கு ஆடிக்கிட்டே போச்சு.*

அடுத்த அடியில் கமலக்கண்ணன் நாலாவது சரணத்துக்குப் போய்விட்டார்.

"நிறுத்து" என்றார் மாஸ்டர். "அந்தச் சரணத்தை மறுபடி பாடு."

பாடினார்.

"இன்னொரு தடவை."

பாடினார். அடுப்படியிலும் சத்தம் நின்றிருந்தது.

"தப்பா மாஸ்டர்?"

"எங்கே கத்துக்கிட்டே?"

"உங்க ரெக்கார்டுலதான். எங்க விடுதியில ஒண்ணு இருந்தது. ஆயிரம் தடவை போட்டிருப்பேன்."

"மூணாவதுக்குப் பதில் எங்கே?"

"அதுக்குப் பதில் கிடையாதே. மத்த எல்லாத்துக்கும் இருக்கு, அதுக்கு மட்டும் இல்லை. அந்த இடத்துலதான் ஜனங்க மூச்சுவிடாம உக்காந்திருப்பாங்க."

மாஸ்டர் எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

சலோமி வந்து டம்ளர்களை எடுத்தாள்.

"ஒரு அடி விட்டுப்போச்சு" என்றாள்.

"என்ன அடி?"

"உங்க ரெக்கார்டுல கீறல் இருந்திருக்கும். ஊசி தாண்டியிருக்கும்."

கமலக்கண்ணன் கிதாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"அப்ப முப்பது வருஷமா நான் ஒரு கீறலைப் பாடிக்கிட்டிருந்திருக்கேன்."

"இருக்கட்டுமே."

"நீங்களாவது அந்த அடியைச் சொல்லுங்கக்கா."

"அதை அவரு பாடறப்பல்லாம் நான் பாத்திரத்தை உருட்டுவேன். காதுல விழக் கூடாதுன்னு. இன்னிக்கும் கரண்டியைக் கையில எடுத்து வெச்சிருந்தேன். நீங்க அதைப் பாடலை." டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்தன. "அவருகிட்டயே கேளுங்க."

வியாழக்கிழமை கமலக்கண்ணன் கேட்டார்.

"அந்த அடியைச் சொல்லுங்க மாஸ்டர்."

"கம்பியெல்லாம் துரு பிடிச்சிருக்கு. துடை."

கம்பிகளைத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"ஆபீசுல இப்படித்தான் விடாம மணி அடிப்பியா?"

"எடுக்கற வரைக்கும் அடிப்பேன்."



வெள்ளிக்கிழமை காலையில் கமலக்கண்ணன் கிதாரை உறையில் போட்டார். பையைக் கட்டினார்.

"நான் கிளம்பறேன். குறையோட பதிவு செய்ய எனக்கு மனசு வரலை. நாளைக்கு நூறு பேர் என்கிட்டேயிருந்து தப்பாக் கத்துக்குவாங்க. வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

"உன் கம்பு எங்கே?"

"கையில இருக்கு."

"வா."

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். நேரான தெரு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், பாதி வீடுகளில் ஆள் இல்லை. கம்பு தட்டும் ஓசை சுவர்களில் பட்டுத் திரும்பியது.

"முன்னால நட" என்றார் மாஸ்டர்.

கமலக்கண்ணன் நடந்தார். பத்தடி, இருபதடி. பின்னால் மாஸ்டரின் கம்பு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தார்.

"கண்ணா."

கமலக்கண்ணன் திரும்பினார்.

"என்ன மாஸ்டர்?"

"ஏன் திரும்பினே?"

"நீங்க கூப்பிட்டீங்களே."

"அதுதான் அந்த அடி."

ஒரு சைக்கிள் கடந்து போனது. கமலக்கண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். மாஸ்டர்தான் நடந்து அவரிடம் வந்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு கூண்டுக்குப் போய்க்கிட்டிருந்தோம். தம்பி தாவீது எனக்கு முன்னால. என்னைவிட மூணு வயசு சின்னவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. அவன் டிபன் பாக்ஸை விட்டுட்டு வந்திருந்தான். என் காலுல தட்டுச்சு. டேய் தாவீதுன்னு கூப்பிட்டேன். அவன் திரும்பி வந்தான். எங்கேயோ வெடிக்காம கிடந்த ஒண்ணு அப்பத்தான் வெடிச்சுது."

"மாஸ்டர்."

"டிபன் பாக்ஸ்ல ஒண்ணும் இல்லை. காலி."

தெருவில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். சற்றுக் கழித்து மாஸ்டர் அந்த அடியைப் பாடினார். குரலை உயர்த்தவில்லை.

*நான் கூப்பிட்டேன், அவன் திரும்பினான்.*

கமலக்கண்ணன் ஊருக்குப் போகவில்லை. அன்று முழுவதும் அந்த அடியைக் கம்பியில் பழகினார். விரல் எளிதாகப் பிடித்துக்கொண்டது. தொண்டைதான் பழக நேரமாயிற்று. அவர் அதைப் பாடும்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரம் உருண்டது.

சனிக்கிழமை ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் வந்தார்கள். சன்னல்களை மூடினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"சத்தம் எதுவும் வரக் கூடாதும்மா" என்று அந்தப் பெண் சலோமியிடம் சொன்னாள். "பாத்திரம் எதையும் எடுக்காதீங்க. கொஞ்ச நேரம்தான்."

"சரி" என்றாள் சலோமி. அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே, சுவரோரம், தரையில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கமலக்கண்ணனின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணா."

"சொல்லுங்க மாஸ்டர். தயாரா இருக்கேன். முழுசாப் பாடிடுவேன்."

"நீ மொதல்ல கத்துக்கிட்டு வந்தியே, அப்படியே பாடு."

"அது கீறல் மாஸ்டர்."

"தெரியும்."

"கேட்டுக் கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப பாடாதேன்னா எப்படி? நாளைக்கு நீங்களும் இல்லை, நானும் இல்லைன்னா, இதுதானே நிக்கும்? உண்மை எதுவோ அது நிக்க வேண்டாமா?"

கருவிக்காரர்கள் காத்திருந்தார்கள். மாஸ்டர் வலது கையை நீட்டி, தடவி, கமலக்கண்ணனின் முழங்காலைத் தொட்டார்.

"நாப்பது வருஷமா நான் பாடறேன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பறான். கிளப்புல பாடினா அங்கே திரும்பறான். ஓட்டல்ல பாடினா அங்கேயும் திரும்பறான். நீ வந்து பாடினே பாரு புதன்கிழமை, அன்னிக்குத்தான் அவன் விளக்கை ஆட்டிக்கிட்டே போனான். போய்க்கிட்டே இருந்தான்."

கையை எடுத்துக்கொண்டார்.

"நீ கூப்பிடாதே."