பன்றிக்கு யார் கையெழுத்து?

பாரிஸில் முன்பு ஒரு சட்டம் இருந்தது. யாரைக் கேலிச்சித்திரமாக வரைந்தாலும் அவரிடமே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

பஞ்ச காலத்தில் ஒரு பத்திரிகை, கோதுமை மூட்டைமேல் படுத்துறங்கும் பன்றியை அச்சிட்டது. ஊரே சிரித்தது.

தானிய அமைச்சர் அச்சகத்துக்குள் புகுந்தார். ஆசிரியர் பின்வாசலில் நழுவிவிட்டார். அச்சு ஓட்டும் ஒதீல் மட்டும் நின்றாள்.

“என்னை வரைய யாரடி சம்மதம் கொடுத்தது?”

“நாங்க பன்றியைத்தான் போட்டோம், ஐயா. அது நீங்கதான்னா இந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படம் இருக்கிற அச்சுக்கல்லை இப்பவே உடைச்சிடறேன்.”

அவள் நீட்டிய பேனாவை அமைச்சர் தொடவில்லை. வழக்குப் போட்டார். அமைச்சரை அவமதித்ததாக ஒதீலுக்கு ஆறு மாதம் சிறை.

“என்ன செஞ்சே?” என்றான் சிறைக் காவலன்.

“பன்றியை அச்சடிச்சேன். அது அமைச்சர்தான்னு நீதிபதி தீர்ப்பே எழுதிட்டார்.”