நானூற்றுப் பதினேழாம் எண் கம்பு

கரிசல் காட்டின் நடுவே அரசின் விதைக் காப்பகம் ஒன்று இருந்தது. ஆவுடையப்பன் அதன் காப்பாளர். நாற்பது வயதுக்கு மேல் விடுப்பு எடுத்துக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர். அவருக்குப் பாடம் சொன்ன மரியபுஷ்பம் அவரைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான். இப்போது இருவருக்கும் ஒரே வளாகத்தில் வேலை.

ஒரு நாள் காலை ஆவுடையப்பன் ஒரு தாளோடு டீச்சரின் அறைக்கு வந்தார்.

"ஒரு பங்கீடு போட்டிருக்கேன் டீச்சர். சரிதானான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

"எதைப் பங்கு போடுறீங்க?"

"நானூற்றுப் பதினேழை."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அது ஒரு பழைய கம்பு. அடிச்சாம்பல் நோய் சுற்றிலும் எல்லாவற்றையும் அழித்த ஆண்டில் அது மட்டும் ஒரு சம்சாரியின் புஞ்சையில் நிமிர்ந்து நின்றது. அவர் மடி நிறைய அள்ளிக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவரும் இல்லை. அந்த ஊரில் கம்பும் இல்லை. மிச்சம் இருப்பது குளிர் அறையில் ஒரு பொட்டலம்.

"சாகுல் புது ரகம் உண்டாக்க விதை கேக்கறார். இசக்கியம்மாள் மேடம் கல்லூரியில பாடம் நடத்தக் கேக்கறாங்க. நான் பாதுகாக்கணும். மூணு துறையும் ஒண்ணாச் சேர்ந்து நடக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நான்தான் ஒருங்கிணைப்பாளர். அதான், இருக்கிற ஐந்நூறு விதையை மூணு சம பங்காப் பிரிச்சுட்டேன். யாருக்கும் மனத்தாங்கல் வராது."

"விதை உயிரோட இருக்கா?"

"வருஷா வருஷம் நூறு விதையை ஈரத்தாள்ல வச்சு முளைக்குதான்னு பார்த்திருக்கேன். முந்தின வருஷம் எழுபத்தொண்ணு முளைச்சுது. போன வருஷம் ஐம்பத்தஞ்சு. இந்த வருஷம் முப்பத்தெட்டு."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. பதினான்கு ஆண்டுகளாக அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். மின்சாரம் நின்றால் வீட்டிலிருந்து ஓடி வருவார். தன் கையில் ஒரு விதை சாகிறது என்பதை இன்னொருவரிடம் இதுவரை சொன்னதில்லை.

"முளைச்ச முப்பத்தெட்டும் எங்கே?" என்று கேட்டார் டீச்சர்.

"எங்கேன்னா?"

"முளைச்சுதே, அதெல்லாம்."

"எண்ணி முடிச்சதும் போட்டுடுவோம். அதான் முறை."

"எங்கே போட்டீங்க?"

"பின்னால குப்பைக் குழியில. இன்னிக்குக் காலையிலதான்."

டீச்சர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஆவுடையப்பன் தாளோடு பின்னால் போனார்.

குழியில் ஈரத்தாள் சுருள் ஒன்று கிடந்தது. எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டுச் சுருளைப் பிரித்தார். விரல் நீளப் பச்சை முளைகள். தாளோடு ஒட்டிய வெள்ளை வேர்கள். ஒவ்வொன்றாக, கிழியாமல் எடுக்க ஆரம்பித்தார்.

"மூணு தடவை உங்க கண்ணு முன்னால முளைச்சுக் காட்டியிருக்கு, ஆவுடையப்பன்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தானும் குழிக்குள் இறங்கினார்.

டீச்சர் தொலைபேசியில் இருவரையும் அழைத்தார். முதலில் சாகுல் அமீது பைக்கில் வந்தார். பண்ணையில் புது ரகங்கள் உண்டாக்குபவர் அவர்.

"என்ன டீச்சர், குப்பையில புதையலா?"

பின்னாலேயே குடையோடு இசக்கியம்மாள் வந்தார். பக்கத்து வேளாண் கல்லூரியின் பேராசிரியை.

விஷயம் தெரிந்ததும் சாகுலின் சிரிப்பு போய்விட்டது.

"பத்து விதை கொடுங்கன்னு மூணு வருஷமாக் கெஞ்சறேன் அண்ணாச்சி. கொடுக்காம பூட்டி வச்சீங்க. பூட்டி வச்சுக் குப்பையில போட்டிருக்கீங்க!"

"விதைச்சுப் புது விதை எடுக்க நிலம் வேணும்னு மூணு வருஷமா நானும்தான் எழுதறேன். கொடுத்தீரா? உம்ம கலப்பினத்துக்கே இடம் போதலைன்னு பதில் போட்டீரே!"

"அப்போ நிலம் இல்ல."

"அப்போ விதையும் இல்ல."

"வேற மகரந்தம் படாம பூவுக்குப் பை மாட்ட ஆள் வேணும், உங்க பிள்ளைங்களை அனுப்புங்கன்னு இவர்கிட்டேயிருந்து எனக்கும் கடிதம் வந்துது," என்றார் இசக்கியம்மாள். "பரீட்சை முடியட்டும்னு எழுதினேன்."

"பரீட்சை எப்ப முடியும் மேடம்?" என்றார் சாகுல்.

"எங்க காலேஜிலயா? அது எங்கே முடியுது!"

"அதுக்குத்தான் குழு போட்டிருக்கு," என்றார் ஆவுடையப்பன். "அடுத்த கூட்டத்துல வச்சு..."

"உங்க கூட்டத்துல முளைக்கிறது முறுக்கும் காப்பியும்தான் அண்ணாச்சி."

டீச்சர் குழியிலிருந்து எழுந்து வந்தார். மூன்று பேர் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு முளையை வைத்தார்.

"பேசி முடிங்க," என்றார். "அதுவரைக்கும் இதைப் பிடிச்சுக்கிட்டிருங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்றில் வேர்கள் நூல்போல் ஆடின.

சாகுல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைப் பார்த்தார். வேரின் நுனி உள்ளங்கையில் ஒட்டிக் காய ஆரம்பித்திருந்தது. இன்னொரு கையைக் குவித்து மேலே மூடினார். இசக்கியம்மாள் குடையைத் தன் தலையிலிருந்து முளைக்கு மாற்றிப் பிடித்தார். ஆவுடையப்பன் தன் முளையை வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். ஈரம் படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.



"கிணத்து மேட்டுல கால் ஏக்கர் இருக்கு," என்றார் சாகுல். "என் கம்பு எல்லாம் அந்தக் கோடியில. மகரந்தம் அவ்வளவு தூரம் வராதுன்னு சொல்ல முடியாது. பை மாட்டி, இதோட மகரந்தத்தை நாமளே தூவித்தான் ஆகணும்."

"எத்தனை பேர் வேணும்?" என்றார் இசக்கியம்மாள்.

"பூக்கிற நேரத்துல தினம் காலையில எட்டுப் பேர். அப்புறம் குருவி ஓட்ட ரெண்டு பேர்."

"பத்துப் பேர் வருவாங்க. பரீட்சையை அந்த வயல்லயே வச்சுக்கறேன். முதல்ல இதுக்கு ஈர மணல் கொண்டு வாங்க."

குழியில் கிடந்ததில் முப்பத்தொன்று ஈர மணல் தொட்டியில் பிழைத்தது.

மறு வாரம் மழை ஈரம் இருந்தது. ஆவுடையப்பன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்தார். வரப்பில் வந்ததும் நின்றுவிட்டார்.

"பாதியை விதைப்போம் டீச்சர். பாதி அறையில இருக்கட்டும். கையிருப்புன்னு ஒண்ணு வேண்டாமா?"

"இந்த ஐந்நூறுல எத்தனை முளைக்கும்?"

"நூத்தித் தொண்ணூறு. அதிர்ஷ்டம் இருந்தா."

"பாதி போட்டா?"

"தொண்ணூத்தஞ்சு."

"கம்பு தனியா வாழாது. நூத்தம்பது செடியாவது சேர்ந்து பூத்து ஒண்ணோட ஒண்ணு கலந்தாத்தான் அது அதுவா இருக்கும். படிச்சீங்களே."

"நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"அறையில வைக்கிற பாதி அடுத்த வருஷம் என்ன ஆகும்?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். மேலே அவருடைய கையெழுத்தில் எண் இருந்தது. மை மங்கிப்போயிருந்தது. பல்லால் கடித்து அதன் ஓரத்தைக் கிழித்தார். விதையை உள்ளங்கையில் கொட்டினார். கல்லூரியிலிருந்து வந்திருந்த மாணவிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். கடைசியில் கவிழ்த்துத் தட்டினார். சட்டைப்பையிலிருந்த பங்கீட்டுத் தாளையும் எடுத்தார். வரிசைக்கு அடையாளம் வைக்க ஒரு குச்சியில் செருகினார்.

நண்பகலுக்குள் வேலை முடிந்தது. சாகுல் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வரிசையில் தடுமாறி மிதித்த பெண்ணை இசக்கியம்மாள் அதட்டிக்கொண்டிருந்தார். பெயர் எழுதி மதிப்பெண் குறைப்பேன் என்றார். அந்தப் பெண் சிரித்தாள்.

ஆவுடையப்பன் மட்டும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் வெறும் பொட்டலம். டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அறையில இப்ப அந்த இடம் காலி," என்றார் அவர். "யாராவது வந்து நானூற்றுப் பதினேழு எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"வயலுக்குப் போயிருக்கு, வந்துடும்னு சொல்லுங்க."

அவர் வயலைப் பார்த்தார். கறுப்பு மண்ணைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"வராமப் போயிட்டா, டீச்சர்?"

மரியபுஷ்பம் அவர் கையிலிருந்த வெறும் பொட்டலத்தை வாங்கி மடித்தார். கிணற்றடியிலிருந்து சாகுல் எதற்கோ சத்தம் போட்டார்.

"அழறதுக்கு நாங்க எல்லாரும் இருக்கோம். அறையிலேயே போயிருந்தா நீங்க ஒருத்தர்தான் அழுதிருப்பீங்க."